நூற்றெட்டு சங்குப்பூ

சங்குப்பூ வளர்க்கப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம், சார். இரண்டு விதையை ஊற வைத்து மண்ணில் செருகினால் போதும். உரம் கேட்காது. ஒருமுறை பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் பூக்கும். காய் வெடித்து, விதை சிதறி, பக்கத்து மண்ணிலும் தானே முளைக்கும். ஆஸ்டின் டவுனில் என் வீட்டுக்கு முன்னால் இருக்கிற பன்னிரண்டடி மண்ணை இரண்டே மழைக்காலத்தில் மூடிவிட்டது.

நட்டது என் மனைவி ஜானகி. நட்ட வருடமே அவளுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். காலையில் காப்பி கொடுத்துவிட்டு, "இன்னிக்கு எத்தன பூ?" என்று கேட்பேன். இடது கையை விரித்து விரித்து மூடிக் காட்டுவாள். ஐந்து, பத்து, பதினைந்து. நான் வெளியே போய் எண்ணிப் பார்ப்பேன். ஒன்றிரண்டுக்கு மேல் தப்பியதில்லை. எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அது ஒன்றுதான். இதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இராஜமாணிக்கம் இந்த 2001 ஜூலை முதல் தேதியிலிருந்து வர ஆரம்பித்தார். இரண்டு தெரு தள்ளி வீடு. ரிடையர் ஆன பேங்க் கேஷியர். வாக்கிங் போகிறவர்கள் அடுத்த வீட்டுப் பூவைப் பறிப்பது இந்த ஊரில் புதிதல்ல. மற்றவர்கள் காம்பவுண்டுக்கு வெளியே நின்று, கைக்கு எட்டியதைப் பறிப்பார்கள். இவர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவார். குரங்குக் குல்லாய், மப்ளர், கையில் பிளாஸ்டிக் கவர். ஜானகி கண் விழிப்பதற்குள் கொடி மொட்டையாகியிருக்கும்.

முதல் நாள் அவள் மூடிய கையைக் காட்டினாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காத்திருந்து கேட்டேன்.

"பையனுக்கு வேலை போயிடுச்சு பெருமாளு. எலெக்ட்ரானிக் சிட்டில ஒரே நாள்ல நாப்பது பேர வீட்டுக்கு அனுப்பிட்டான். ஒரு மண்டலம், தெனம் நூத்தியெட்டு நீலப் பூ போட்டு அர்ச்சனை பண்ணச் சொல்லிருக்காரு ஜோசியரு. நான் வேற எங்க போவேன்?"

"பத்துப் பூ விட்டுட்டுப் போங்க சார். வீட்ல அவங்க பாக்கணும்."

சிரித்தார். "படுத்துக் கெடக்கறவங்களுக்குப் பூ எதுக்குப்பா? அவங்களுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கறேன். நாப்பத்தெட்டு நாள் பொறுத்துக்கச் சொல்லு. எங்க எழுந்து ஓடிடப் போறாங்க?"

இதை நீங்கள் கன்னடத்தில் எப்படி எழுதுவீர்களோ தெரியாது, சார். ஒரு வார்த்தை குறையக் கூடாது.

கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். காம்பவுண்டு சுவர் இடுப்பளவுதான். காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டினார். தெருவில் நாலு பேரிடம் சொன்னேன். "சாமிக்குத்தானே எடுக்கறாரு, விடுங்கண்ணா" என்றார்கள். சாமிக்கு.

ஜன்னலுக்கு நேரே எங்கள் பழைய சம்ப் இருக்கிறது. தரைக்கடியில் எட்டடி ஆழத் தண்ணீர்த் தொட்டி. விரிசல் விட்டதால் வேறு கட்டிக்கொண்டு, இதை இரும்பு மூடி போட்டு விட்டுவிட்டோம். மழை பிடித்தால் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஊறும். ஜூலை பாதியில், மூடிமேல் படர்ந்திருந்த கொடியைப் பாய் மாதிரிச் சுருட்டினேன். மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். திறப்பின் குறுக்கே மெல்லிய மூங்கில் பத்தை நாலு வைத்து, கொடியை மறுபடி விரித்தேன். முப்பது வருடம் ஃபிட்டர் வேலை பார்த்த கை, அளவு தப்பாது. மிச்ச வேலையை மழை பார்த்துக்கொண்டது. இருபது நாளில் துளிர் இடைவெளியையெல்லாம் அடைத்துவிட்டது.

சுருட்டி விரித்ததில் நடுக்கொடி அதுவரை பூக்கவில்லை, ஓரத்திலேயே அவருக்கு வேண்டிய பூ கிடைத்தது. கடைசி நாலு நாள், சாயங்காலத்தில் ஓரத்து மொட்டுகளைக் கிள்ளிவிட்டேன். நூற்றெட்டு வேண்டுமென்றால் நடுவுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

நாற்பத்தோராம் நாள் காலை ஆறு மணிக்கு வந்தார். பத்தை முறிகிற சத்தம் கேட்டது, பிறகு தண்ணீர்ச் சத்தம். நான் வாசலுக்குப் போனேன்.

"பெருமாள்சாமி சார், காலு ஒடஞ்சுபோச்சு. கை குடுங்க சார்."

அன்றுதான் முதல்முறையாக என்னை சார் என்றார்.

நான் மூடியைத் தூக்கி வந்தேன். வேர் அடிபடாமல் பொருத்த ஐந்து நிமிடம் பிடித்தது. அதன்மேல் கொடியை விரித்துவிட்டேன். எவ்வளவு நேரம் உள்ளிருந்து தட்டினார் என்று கேட்டீர்கள். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குகிற நேரம்.

உள்ளே போனால் ஜானகி விழித்திருந்தாள். எவர்சில்வர் டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். காப்பிக்கு அப்படித் தட்டுவது வழக்கம். கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டிவிட்டாள். "எத்தன பூ, பாரு" என்றேன். நாற்பது நாளைக்குப் பிறகு, அவள் கண்ணுக்கு நேரே அவ்வளவு நீலம். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். பத்து மணிக்கு எங்கள் வீட்டு வேலைக்காரப் பெண் வீணா வருகிறவரை தட்டினாள். அந்த டம்ளராலேயே வெளியே காட்டியிருக்கிறாள். கொடியில் மாட்டியிருந்த குரங்குக் குல்லாயை வீணா பார்த்துவிட்டாள். அதை எடுக்க மறந்தது என் தப்பு.

இன்னும் ஏழு நாளில் அவர் தானாகவே நின்றிருப்பாரே, பொறுக்க முடியாதா என்று கேட்டீர்கள். அவரும் அதைத்தான் சொன்னார். பொறுக்கச் சொல்கிறவர்கள் யாரும் நாற்பது காலை அந்த மூடிய கையைப் பார்த்ததில்லை. கோபமா என்றால், ஆமாம். இப்போதும் இருக்கிறது. அவர்மேல் மட்டுமில்லை, "சாமிக்குத்தானே" என்று சொன்ன அத்தனை வாயின்மேலும்.

இராஜமாணிக்கத்தைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. அன்றிலிருந்து ஜானகி ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறாளாம், வீணா சொல்லியனுப்பினாள். கழுத்து வலியாக இருக்கும். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். இன்றைக்கு எப்படியும் நூறுக்கு மேல் பூத்திருக்கும். அவள் எத்தனை காட்டினாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், சார்.