தாய்வீட்டில் கேட்காத கேள்வி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி ஒன்றியத் தலைவர் பெரியதம்பி அவர்களே, மருத்துவர் கிருஷ்ணவேணி அவர்களே, கைக்குழந்தைகளோடு காணையிலிருந்து பஸ் ஏறி விழுப்புரம் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

எனக்குப் புகழ்ந்து பேசிப் பழக்கமில்லை. நம் தாய் சேய் நல ஊழியர் சூசை மேரி அம்மையாரும் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு நின்றவர் அல்லர். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1957-இல் பல்கலைக்கழக ஆய்வுக்காக நான் இந்தப் பக்கம் வந்தேன். பன்னிரண்டு கிராமங்கள். வீடு வீடாகக் கேள்வித்தாளோடு ஆட்கள் போனார்கள். இந்த வீட்டில் எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை இறந்தது என்று கேட்டார்கள். 1961-இல் அறிக்கை அச்சாயிற்று. காணை வட்டாரத்தில் குழந்தைச் சாவு பாதியாகக் குறைந்துவிட்டது என்று எழுதினேன். இதே மேடையில் எனக்கு மாலை போட்டீர்கள்.

குறைந்ததா? சூசை மேரி அம்மையார் மட்டும் நம்பவில்லை.

அவருக்குப் பாஞ்சாலியின் நினைவு. எட்டு மாத வயிற்றோடு இருந்த அந்தப் பெண்ணை அவரே பரிசோதித்திருந்தார். எங்கள் தாளிலோ அந்த வீட்டில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. கிணற்றடியில் அவளைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அவள் சொன்னாளாம்: "எங்க மாமியாரக் கேட்டுக்கினு நின்னா இன்னாங்க தெரியும் நர்சம்மா? பொறந்ததும் போனதும் எங்கம்மா வூட்ல. அங்க போய்க் கேளுங்க."

தாய்மார்களே, உங்களுக்கு இதில் புதிது ஒன்றுமில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில். ஐந்தாம் மாதம்தான் பிள்ளை தகப்பன் வீட்டுக்கு வரும். அதற்குள் இறந்துபோனால்? புகுந்த வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச மாட்டார்கள். பிறந்த வீட்டில், அது மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளை என்பார்கள். இரண்டு வீட்டிலும் இல்லாத பிள்ளை என் அறிக்கையிலும் இல்லை. எம்.எஸ்சி. படித்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை?

என் மேசை முன் நின்று அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஃபாரம் தப்புன்னு சொல்லலம்மா, கேட்ட வூடுதான் தப்பு."

ஒரு பெண்ணின் பேச்சுக்காக அச்சான அறிக்கையை மாற்ற முடியாது என்றேன்.

அவர் ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறினார். திருவாமாத்தூர், திண்டிவனம், அப்பால் உள்ள ஊர்கள் என்று பெண்களின் தாய்வீடுகளைத் தேடிப் போனார். சில வீடுகளில், செத்த பிள்ளையைக் கிளற வந்தாயா என்று விரட்டியிருக்கிறார்கள். விடாமல் மறுவாரமும் போயிருக்கிறார். சென்ற ஆண்டு பத்தொன்பது குழந்தைகளின் பட்டியலை என் முன் வைத்தார். இன்னும் இரண்டு பெண்களின் தாய்வீட்டில் விசாரிக்கவில்லையே, முழுதாகக் கொண்டு வாருங்கள் என்றேன். அப்படிச் சொன்னதும் நான்தான்.

அதற்குள் காணையின் இரண்டாவது மருத்துவச்சியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். காரணம்? சாவு குறைந்துவிட்டது என்ற என் அறிக்கை!

சூசை மேரி அம்மையார் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த மறுநாள்தான் முதல்முறையாக அவர் வீட்டு வாசலை மிதித்தேன். ஏழு வருடம் காணைக்கு ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள் நாங்கள். அடுப்பின் மேல் ஒரு ஆளுக்குச் சோறு வடிக்கிற சட்டி இருந்தது. என் வீட்டுச் சட்டியும் அதே அளவுதான். அதைப் பற்றி ஒருநாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

என் எண்ணிக்கை தவறு என்று பல்கலைக்கழகத்துக்கு நேற்று எழுதிவிட்டேன். பத்தொன்பது பெயர்களையும் இணைத்திருக்கிறேன். தலைவர் அவர்களே, போட்ட மாலையை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்; காணைக்கு அந்த மருத்துவச்சியைத் திருப்பித் தாருங்கள். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. சூசை மேரி அம்மையாருக்கு உண்டு.

மிச்சமுள்ள இரண்டு பெண்களுக்கும் தாய்வீடு மேல்சித்தாமூரில். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எந்த வீட்டில் கேட்க வேண்டும் என்பது இப்போது எனக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்குத்தான் ஆள் இல்லை.