இருளப்பன் கட்டிய ஈயக்குண்டு

வாங்க கிராணியய்யா, எங்க வீட்டுக்காரரு இப்ப வந்துருவாரு, கொழாயடிக்குத்தான் போயிருக்காரு. நீங்க உக்காருங்க. ஆபீசுல கணக்கெழுதறவரு, எங்க கூலி லயத்து வீட்டுக்கு நீங்க வர்றதே அபூர்வம். துரை ஏரிக்கரையில காத்துக்கிட்டு நிக்கிறாரா? நிக்கட்டும்லா, மீனு எங்க ஓடிறப் போவுது.

சிரிக்கிறீங்க. நீங்க துரையோட அந்த மீன் புடிக்கிற போட்டுல ஏறுனதில்லைல்ல? அதான். சும்மா துடுப்புப் போடற வேலைன்னு நெனைச்சிருக்கீங்க.

தூண்டியப் போட்டுட்டுக் குந்தியிருக்கறது இல்லைங்க அது. இவரு துடுப்புப் போடுவாரு, துரை பின்னால உக்காந்து தூண்டி நரம்ப நீள விட்டுருவாரு. நரம்பு நுனியில பொய்மீனு. சீமையிலேருந்து வந்தது, எவர்சில்வர் கரண்டியாட்டம் பளபளன்னு இருக்கும். போட்டு போவப் போவ அது பின்னாலயே நீந்திக்கிட்டு வரணும். வெயில் ஏறுனா பெரிய மீனெல்லாம் அடியில போயி படுத்துக்கும். பொய்மீனோ லேசு, இழுக்க இழுக்க மேல வந்துரும். அதுக்குத்தான் பொய்மீனுக்குக் கொஞ்சம் முன்னால நரம்புல ஈயக்குண்டு கட்டறது. குண்டு கனமா இருந்தா ஆழத்துல போவும், லேசா இருந்தா மேலாக்க வரும். துடுப்ப வேகமாப் போட்டாலும் மேல ஏறிரும், மெதுவாப் போட்டா எறங்கிரும். எல்லாம் துரைதான் இவருக்குச் சொல்லிக் குடுத்தாரு. அதுல துரை கெட்டிக்காரரு, நான் ஒண்ணும் கொறை சொல்லலை.

தொல்லை என்னன்னா, அந்த ஏரிக்குள்ள மரம் நிக்கிது. தண்ணி தேங்கறதுக்கு முன்னாடி அங்க காடுல்ல? கட்டையும் கெளையுமா அப்படியே முங்கிக் கெடக்கு. மீனு அண்டறதும் அந்தக் கட்டைங்க நடுவுலதான். அதனால துரைக்குப் பொய்மீனு கட்டைய ஒரசுற மாரிப் போவணும். மாட்டிக்கிச்சின்னா? சீமைச் சாமான அத்து விடுவாரா அவரு? இருளப்பா, எறங்குன்னுவாரு. ஐஸ் மாரித் தண்ணி. இவரு முங்கி, இருட்டுல கையால தடவித் தடவி, கழட்டி எடுத்துக்கிட்டு வரணும்.

இந்தாங்க, தேத்தண்ணி ஆறுது, குடிங்க. சீனி போதுமா?

போன அடைமழைக்கு முன்னாடி ஒரு தடவ முங்குனவரு மேல வரலை. நரம்பு காலுல சுத்தி, கட்டையிலயும் சுத்திக்கிச்சி. துரை மேலேருந்து, கழண்டுருச்சா கழண்டுருச்சான்னு இழுத்து இழுத்துப் பாக்குறாரு. அவரு இழுக்க இழுக்க கீழ இறுகுது. கடைசியில நரம்பப் பல்லாலயே கடிச்சி அத்துக்கிட்டு வந்தாராம். போட்டு விளிம்பப் புடிச்சிக்கிட்டு ஒரே வாந்தி, காலெல்லாம் ரத்தம். துரை கேட்ட மொத வார்த்தை, பொய்மீனு எங்கன்னு. சத்தியமாச் சொல்றேன். கையில வச்சிருந்தத நீட்டியிருக்காரு. குட் மேன்னு தோளுல தட்டுனாராம் துரை.

உசுரு போற நேரத்துல ஏன்யா அத விடாமப் புடிச்சிருந்தேன்னு நான் கேட்டேன். விட்டா மறுபடி எறங்கச் சொல்வாருல்ல நவமணி, அப்படின்னாரு.

அன்னையிலேருந்து மனுசன் தலைக்கித் தண்ணி ஊத்தறதில்லை. மூஞ்சியில தண்ணி பட்டா மூச்சு முட்டுதாம். ஈரத்துணியால தொடச்சிக்கிறாரு, அவ்ளோதான். ஆனா ஞாயித்துக்கெழம வந்தா போட்டுல ஏறித்தான ஆவணும்? அதுக்கு ஒரு தந்திரம் பண்ணாரு. குண்டு கட்டறது அவரு வேலைதான, துரை கவனிக்காதப்ப லேசான குண்டாப் பாத்துக் கட்டிட்டாரு. பொய்மீனு கட்டைங்களுக்கு மேலயே போச்சி. எங்கயும் மாட்டலை, இவரும் எறங்கலை. மீனும் கடிக்கலைங்க. கொஞ்ச வாரம் அப்படி ஓடுச்சி. அப்பறம் துரை நரம்ப இழுத்துக் குண்டப் பாத்துட்டாரு. அடிக்கலை, வையலை. பெட்டியில இருக்கறதுலயே கனமான குண்ட எடுத்துக் குடுத்து, நீயே கட்டு இருளப்பான்னாரு. அன்னிக்கி எத்தன தடவ எறங்குனாரோ. வீட்டுக்கு வந்து சோத்தத் தள்ளி வச்சிட்டு செவுத்தப் பாத்துப் படுத்துட்டாரு.

வேற வேலைக்கிப் போறதுதானன்னா? நீங்களே இப்படிக் கேக்கலாமா? இந்த மலையில பொறந்த மனுசன், இன்னும் குடியுரிமை இல்லாத செவப்பு ஐசிதான். வேலை பெர்மிட்டு போடத் துரை தயவு வேணும். வேலைய விட்டா லயத்து வீட்டயும் விடணும். கம்போங் ராஜாவுல ஒரு சீன மொதலாளி, தவுக்கே, காய்கறித் தோட்டத்துக்கு ஆளு வேணும்னாரேன்னு, சட்டி பானையோட லோரியில ஏறுனோம். வாச்மேன் நல்லுசாமி எஸ்டேட் கேட்டுலயே மறிச்சி எறக்கி விட்டாரு. துரை ஒரே ஒரு போன்தான் போட்டாரு. தவுக்கே, ஆளு வேணாம்னுட்டாரு. இருளப்பன் போயிட்டா என் போட்ட யாரு ஓட்டறதுன்னு உங்க முன்னாடிதான துரை சொன்னாரு? நீங்களும் தலைய ஆட்டுனீங்களாமே. தப்பாச் சொல்லலை, உங்களுக்கும் வீடு அவரு குடுத்ததுதான.

எங்க எந்திரிக்கிறீங்க? கொழாயடிக்கா? அங்க யாரும் இல்லைங்க.

இப்ப மணி என்ன? ஒம்பது தாண்டிருச்சா? அப்பச் சரி, இனிமே சொன்னா ஒண்ணும் ஆவாது. அவரு எங்க மக செல்லத்தக் கூட்டிக்கிட்டு, கேட்டுப் பக்கமே போவாம, தேயிலைக்குள்ளயே எறங்கி பஸ் ரோட்டுக்குப் போயிட்டாரு. பஸ்ஸு இந்நேரம் மலையெறங்கியிருக்கும். எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். வீடு பூட்டிக் கெடந்தா நீங்க அப்பவே ஓடிப் போயி துரைகிட்டச் சொல்லியிருப்பீங்க, ரோட்டுலயே ஆள் விட்டு எறக்கியிருப்பாங்க. அதுக்குத்தான் நான் தங்குனேன்.

நானா? கேட்டு வழியாவே போறேன். என்னைய யாருங்க மறிக்கப் போறா, எனக்குத்தான் துடுப்புப் போடத் தெரியாதே.