மாமியார் வீட்டு பீரோவில் ஆபீஸ் டேப்

“டேப்பு பத்திரமா இருக்கு அண்ணாச்சி. ஆனா எம்பொண்டாட்டிகிட்ட இருக்கு.”

பாபநாசம் பேருந்தில், மடியில் பிச்சிப்பூப் பொட்டலத்தோடு முன் இருக்கையில் இருந்தவர் இப்படிச் சொன்னதும் நான் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். ஆபீஸுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து சர்வர் கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டதாம். அதிலிருந்ததையெல்லாம் வாராவாரம் டேப்பில் நகல் எடுத்து, வெள்ளத்துக்குப் பயந்து, கல்லிடைக்குறிச்சியில் மாமியார் வீட்டு பீரோவில் வைத்திருக்கிறார். மனைவியும் இப்போது அங்கேதானாம்.

“அவ எதுக்குவே அங்கன போனா?” என்றார் அவர் பக்கத்திலிருந்த பெரியவர்.

“அவ அண்ணன் புதுவீட்டுப் பால்காய்ப்பு அன்னைக்கு, டேப்புல நகல் எடுக்கணும்னு சொல்லி நான் போகல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா.”

“அப்ப டேப்புக்கு வந்தேன்னு சொல்லிராதேயும். அவளக் கூப்பிட வந்தேன்னு சொல்லும். கெளம்பும்போது டேப்ப சத்தமில்லாம எடுத்துக்கிடும்.”

அந்நேரம் பார்த்து பூப்பொட்டலக்காரரின் போன் அடித்தது. மனைவிதான்.

“உன்னையக் கூப்பிடத்தான் வாரேன். டேப்பா? எந்த டேப்பு?”

கடைசியில் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“என்னவே சொல்லுதா?”

“எல்லா டேப்பையும் பையில போட்டு வாசல்ல வச்சிருக்காளாம். எடுத்துக்கிட்டு அப்படியே திரும்பிறணுமாம்.”