பதினாலு பேர், ஒத்தை நட்சத்திரம்

...தொண்ணூத்தொம்பது வெச்சா குப்பைன்னு நெனைக்கிறாங்க, இருநூத்தித் தொண்ணூத்தொம்பது வெச்சா கொள்ளைங்கிறாங்க, சும்மா குடுத்தா வாங்கிட்டுப் போய் ஜன்னலுக்கு முட்டுக் குடுக்குறாங்க! அப்போ ஒரு நாவலுக்கு என்னதான் சார் விலை வெக்கிறது? சொல்லுங்க. இல்ல இல்ல, சொல்லாதீங்க, தாடை அசைஞ்சா இந்த ஃப்ரேம் நழுவும். நேரா போர்டைப் பாருங்க. மூணாவது வரி. இந்த லென்ஸ்ல தெளிவா இருக்கா... இல்ல இதுலயா? ரெண்டாவதா? ம்ம். இந்த வலது கண்ணு கொஞ்சம் சோம்பேறி சார்.

நீங்க பாட்டுக்கு கண்ணு டெஸ்ட் பண்ண வந்தோமா, பண்ணினோமான்னு இருந்திருக்கலாம். கண்ணாடி அலமாரியில எதுக்கும்மா இத்தனை புத்தகம்னு கேட்டீங்க பாருங்க, அது உங்க தப்பு. நான் என்ன பண்றது.

நான் எழுதுனது சார். 'லிஃப்ட் நின்ற மாடி'. கொலைக் கதை. அஞ்சாவது மாடியில லிஃப்ட் வந்து நிக்குது, கதவு திறக்குது, உள்ள ஆளில்ல... ஒரே ஒரு செருப்பு. இடது கால் செருப்பு. எப்படி? ஆங், பாத்தீங்களா, உங்க புருவம் ஏறுது! அந்தப் புருவத்துக்காகத்தான் சார் மூணு வருஷம் எழுதினேன். இதே மேசையில, கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம், நோட்டுப் புத்தகத்துல.

பதிப்பகத்துக்கு அனுப்பாம இருப்பேனா? அனுப்பினேன். எட்டு மாசம் கழிச்சு பதிப்பாளர் பரிசீலனையில இருக்குன்னார். இன்னமும் பரிசீலிக்கிறார் மனுஷன். சரி போங்கய்யான்னு நானே அச்சடிச்சேன். முந்நூறு பிரதி. அச்சகத்துக்காரர், பக்கம் கூடுனா செலவு கூடும்மா, எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிடலாம்னார். ஆக்கிட்டோம். எவ்வளவு சின்னதுன்னா... அதைப் படிக்கிறதுக்குன்னே நாலு பேர் இங்க வந்து புதுக் கண்ணாடி வாங்கிட்டுப் போனாங்க. சத்தியமா! அந்தக் கண்ணாடியில வந்த லாபம் நாவல்ல வரலை சார்.

இடது கண்ணு. வலதை மூடிடறேன். இதுவா... இதுவா?

என் தம்பி செருப்புக்கடை வெச்சிருக்கான். விலைன்னா ஒம்பதுல முடியணும்க்கா, செருப்பெல்லாம் அப்படித்தான் விக்குதுன்னான். தொண்ணூத்தொம்பது போட்டேன். புத்தகக் கண்காட்சியில பாதி மேசை எனக்கு, மீதிப் பாதி குழந்தைங்களுக்கு வண்ணம் தீட்டுற புத்தகம் விக்கிறவருக்கு. அவர் பக்கம் கும்பல், என் பக்கம் ஃபேன் காத்து. கடைசியா ஒரு அம்மா வந்து எடுத்தாங்க, புரட்டினாங்க. நான் கையெழுத்துப் போட பேனாவைத் திறந்துட்டேன். பின்னட்டையில விலையைப் பாத்துட்டு, என்னங்க இவ்வளவு கம்மியா இருக்கு, உள்ள பக்கம் எதுவும் விட்டுப்போச்சான்னாங்க!

அன்னிக்கே வீட்டுக்கு வந்து முந்நூறு பிரதிக்கும் ஸ்டிக்கர் ஒட்டினேன். இருநூத்தித் தொண்ணூத்தொம்பது. இந்த ஜனங்களுக்கு ஒரு ஸ்டிக்கரைப் பாத்தா கை சும்மா இருக்குமா? மூலையில நகத்தை விட்டுச் சுரண்டிப் பாக்குறாங்க சார். கீழ தொண்ணூத்தொம்பது தெரியுது. அப்புறம் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை... பிக்பாக்கெட்டைப் பாக்குற மாதிரி.

சரி, கண்ணாடி வாங்கினா நாவல் இலவசம்னு போர்டு எழுதி வெச்சேன். வர்றவங்க என்ன கேட்டாங்க தெரியுமா? நாவல் வேண்டாம்மா, அதுக்குப் பதிலா லென்ஸ் துடைக்கிற துணி இன்னொண்ணு குடுங்க! துணி சார்! உள்ளங்கை அகலத் துணி!

எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறார். அவர் போற பஸ்ல நாலு பிரதியை சீட்டுல விட்டுட்டு வரச் சொன்னேன். யாராவது எடுத்துட்டுப் போவாங்க, படிப்பாங்க, நாலு பேர்கிட்ட சொல்லுவாங்க... அதுதானே விளம்பரம்? நாலையும் எடுத்துட்டுப் போய் பொறுப்பா டெப்போவுல ஒப்படைச்சுட்டாங்க. தொலைஞ்ச பொருளாம். மனுஷங்க இப்படி நேர்மையா இருந்தா எழுத்தாளர் எப்படி சார் பொழைக்கிறது?

சிரிக்காதீங்க, கண்ணுல தண்ணி வந்தா அளவு தப்பாப் போயிடும்.

அப்புறம்தான் தம்பி சொன்னான், இன்டர்நெட்ல போடுக்கான்னு. அங்க அச்சுச் செலவில்ல. ஆனா படிச்சவங்க கருத்து எழுதி நட்சத்திரம் குடுத்தாத்தான் விக்குமாம். அஞ்சு குடுத்தா பிரமாதம், ஒண்ணு குடுத்தா குப்பை. எனக்கென்ன சார் ஆளா இல்ல? சித்தப்பா, பெரியம்மா, மாமா, அத்தை... குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் தட்டினேன். எல்லாரும் வாங்குங்க, கருத்து எழுதுங்கன்னு. நான் ஒண்ணு சொல்லிட்டா எங்க குடும்பத்துல மறுபேச்சு கிடையாது. ஒரே வாரம். பதினாலு பேர் எழுதிட்டாங்க.

பதினாலு பேரும் ஒத்தை நட்சத்திரம்!

ஆமா சார். ஒண்ணு. அதோட எழுதுனதைக் கேளுங்க. சித்தப்பா எழுதுறார்... இது மாதிரி ஒரு புத்தகத்தை என் வாழ்நாளில் படித்ததில்லை. நட்சத்திரம் ஒண்ணு! பெரியம்மா... படித்து முடித்ததும் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஒண்ணு! மாமா... இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும். ஒண்ணு! படிக்கிறவன் என்ன நெனைப்பான்? வாழைப்பழத்துல ஊசி ஏத்துற மாதிரி இல்ல?

எல்லாரையும் விடுங்க. அண்ணி. என் அண்ணன் சம்சாரம். நோட்டுல நான் கிறுக்கினதையெல்லாம் ராப்பகலா உக்காந்து கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுத்தது அவங்கதான். ஆறு மாசம். என் கையெழுத்து எனக்கே புரியாது, அவங்களுக்குப் புரியும். காற்புள்ளி, அரைப்புள்ளி, எங்க ஒற்று விட்டுப்போச்சு... எல்லாம் அவங்கதான். அவங்க எழுதுறாங்க... இந்தக் கதையை நாலு தடவை படித்துவிட்டேன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னாலும் தயார். ஒத்தை நட்சத்திரம்! தயாராம்ல தயார்... எனக்கு எப்படி இருந்திருக்கும்? குரூப்பை விட்டு வெளிய வந்தேன். நாலு மாசம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. அவங்க போன் பண்ணாங்க, எடுக்கல. முட்டியில ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க... அதுக்கும் போகல சார். வீட்டுக்காரர்கிட்ட பழம் மட்டும் குடுத்தனுப்பினேன். அவ்வளவு வீம்பு.

போர்டைப் பாருங்க சார், என்னைப் பாக்காதீங்க.

இதுல கூத்து என்னன்னா புத்தகம் விக்க ஆரம்பிச்சிடுச்சு! பதினாலு பேரும் வாயாரப் புகழ்ந்துட்டு ஒத்தை நட்சத்திரம் குடுக்குறாங்களே, அப்படி என்னதான் இருக்குன்னு முகம் தெரியாதவங்கல்லாம் வாங்குறாங்க. இதுவரைக்கும் நூத்திப் பன்னெண்டு. ஒருத்தர், இந்தப் பதினாலு பேருக்கும் என்ன ஆச்சு, கதை நல்லாத்தானே இருக்குன்னு எழுதி அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கார். அந்தத் தைரியத்துலதான் ரெண்டாவது நாவலே முடிச்சேன்.

அதுக்கு விளம்பரம் பண்ணணும்ல? இன்னிக்குக் காலையில கடையைத் திறந்துட்டு, புதுசா எதுக்கு எழுதணும், பழைய மெசேஜையே எடுத்து கஸ்டமருங்களுக்கு அனுப்பிடலாம்னு தேடி எடுத்தேன். அது... அந்த ஒரு மெசேஜ் மட்டும் நானே தட்டினது சார். அண்ணியைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு. கண்ணாடி வேற மேசையில இருந்தது, யாரு எழுந்து போய் எடுக்குறதுன்னு அப்படியே தட்டி அனுப்பிட்டேன். நான் என்ன சொல்ல வந்தேன்? முதல்ல நட்சத்திரத்தை அமுக்குங்க, அப்புறம் ரெண்டு வரி நல்லதா எழுதுங்க. அவ்வளவுதானே?

ஒரு 'ல' விட்டுப்போச்சு சார்.

'முதல் நட்சத்திரத்தை அமுக்குங்க'ன்னு இருக்கு. அதுக்குக் கீழயே, 'மத்ததைத் தொட வேண்டாம், சொன்னபடி செய்யுங்க'ன்னு வேற இருக்கு. அங்க இருக்குற மத்த பட்டனை நெனச்சு எழுதினது. பதினாலு பேரும் சொன்னபடி செஞ்சிருக்காங்க. எண்பத்திரெண்டு வயசு சார் சித்தப்பாவுக்கு, பக்கத்து வீட்டுக்குப் போய் உதவி கேட்டு அமுக்கிட்டு வந்திருக்கார்.

ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறேன் நான்.

காலையிலேர்ந்து போனைக் கையில எடுக்குறேன், வெக்கிறேன். என்னன்னு ஆரம்பிக்கிறது? நீங்க வந்தீங்க, உங்ககிட்ட வாய் திறந்தேன். என்ன சார்... போனைக் காட்டுறீங்க? இப்பவா? இல்ல, டெஸ்ட் பாதியில... ம்ம். அதுவும் சரிதான். இந்தாங்க, ஃப்ரேமைக் கழட்டிடறேன், மேசையிலயே இருக்கட்டும். ரெண்டே நிமிஷம்.

...அடிக்குது சார். எடுக்க மாட்டாங்க பாருங்க. நானா இருந்தா எடுக்க மாட்...

அண்ணி! நான்தான். ...ஆமா, நானேதான். முட்டி எப்படி இருக்கு? ...நடக்குறீங்களா? படி ஏறுறீங்களா? ...அண்ணி, அந்த மெசேஜ்... அந்த நட்சத்திர மெசேஜ் இருக்குல்ல... ஒரு 'ல' விட்டுப்போச்சு அண்ணி. நான் 'முதல்ல'ன்னு... ஆங்? ...தெரியுமா? ...எப்போலேர்ந்து தெரியும்? நான் குரூப்பை விட்டு வந்த அன்னிக்கேவா! ...அதுக்கு முன்னாடி ஏன் அண்ணி ஒண்ணை அமுக்குனீங்க? ...நான் சொன்னேன்னா? நான் சொன்னா எதையும் அமுக்கிடறதா? ...விளம்பரத்துக்கு ஏதோ தந்திரம்னு நெனச்சீங்களா? ...அதைச் சொல்லத்தான் போன் பண்ணீங்களா. எத்தனை தடவை? ...பதினேழு. ...நான்தான் எடுக்கல. ம். ...சரி, சிரிங்க. நல்லா சிரிங்க. எனக்கு வேணும்.

...சார், அண்ணி சிரிக்கிறாங்க சார். சார்? ...எங்க போனாரு?

இல்ல அண்ணி, ஒரு கஸ்டமர். பாதி டெஸ்ட்ல எழுந்து போயிட்டாரு. போகட்டும், நாளைக்கு வருவாரு, வராம எங்க போவாரு... பழைய கண்ணாடியை இங்கயே விட்டுட்டுப் போயிருக்காரே. கதவைச் சாத்திட்டு சாயங்காலம் வர்றேன் அண்ணி, புது நோட்டையும் எடுத்துட்டு வர்றேன். ...ஐயோ இல்ல, இன்னிக்கு நான் பேசல. ஆபரேஷன்லேர்ந்து ஆரம்பிங்க. நாலு மாசத்துக் கதையும் நீங்க சொல்லுங்க, நான் வாயே திறக்காம கேக்குறேன்.