காணவில்லை: ஐந்து வாரத் தொடர்

எனக்கு எழுத்துப்பிழை வராது. சந்திப்பிழைகூட அபூர்வம். ஆகவே இதைத் தட்டச்சு செய்யக் கொடுக்கும்போது யாரையும் சரிபார்க்கச் சொல்லி ஆய்வாளர் ஐயா சிரமப்பட வேண்டியதில்லை. "நீதான் எழுத்தாளனாச்சே, நீயே எழுதிக் குடுத்துடு. நான் கேட்டு நீ சொல்லி, எதுக்கு ரெண்டு பேருக்கும் வேலை" என்று கோடு போட்ட தாள்களை என் பக்கம் தள்ளினார். என்னை எழுத்தாளன் என்று சொன்ன இரண்டாவது ஆள் அவர். முதல் ஆள் நான்.

இதழியலில் பட்டம் வாங்கியவன் நான். வகுப்பில் இரண்டாம் இடம். முதலிடம் வந்தவள் படிப்பு முடிந்த கையோடு துணிக்கடை வைத்துவிட்டாள். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு நாளிதழின் வரி விளம்பரப் பிரிவில் வேலை கிடைத்தது. பெயர் மாற்றம், வீடு வாடகைக்கு, நினைவஞ்சலி, காணவில்லை. மக்கள் துண்டுத்தாளில் கிறுக்கிக்கொண்டு வருவதை வாங்கி நான்கு வரிக்குள் அடக்க வேண்டும். ஒருமுறை ஒரு நினைவஞ்சலியில் 'ஆற்றொணாத் துயரில்' என்பதை அடித்துவிட்டு, 'உங்கள் நாற்காலி இன்னும் சன்னல் ஓரமே இருக்கிறது' என்று போட்டேன். மறுநாள் குடும்பமே சண்டைக்கு வந்தது. அவர்கள் வீட்டில் நாற்காலியே கிடையாதாம்.

அம்மா உறவுக்காரர்களிடம், "பையன் பேப்பர்ல எழுதுறான்" என்பாள். சித்தப்பா விடமாட்டார். "எந்தப் பக்கம் அண்ணி?" என்று கேட்பார். "பத்தாம் பக்கம், கீழ" என்று அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அதிலிருந்து சித்தப்பா எனக்கு வைத்த பெயர் 'நாலு வரி'. விசேஷ வீடுகளில் கூட்டத்துக்கு நடுவே அப்படித்தான் கூப்பிடுவார். நான் திரும்பியும் பார்ப்பேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஞாயிறு இணைப்பிதழில் காலியாக இருந்த ஒரு நாற்காலி. அங்கே கட்டுரை எழுதலாம், கதை எழுதலாம், மழை பெய்ததைப் பற்றி மூன்று பத்தி எழுதலாம். இணைப்பிதழின் பொறுப்பாசிரியரை நாங்கள் 'சிவப்பு மை' என்போம். அவரிடம் ஏழு கட்டுரைகள் கொடுத்தேன். ஏழும் திரும்பி வந்தன. கடைசிக் கட்டுரையைக் கொடுத்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தப்பே இல்லாம எழுதுறே. அதுதான் பிரச்சினை. ஈரமே இல்ல. ஒரு மனுஷனையாவது பக்கத்துல இருந்து பாத்திருக்கியா?"

பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நல்ல ஆலோசனை யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்வது என் இயல்பு.

அடுத்த வாரமே அந்தப் பெண் வந்தார். ஆரம்பப் பள்ளி டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். விரலிடுக்கில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. அப்பாவைக் காணவில்லை. அப்பா ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். சில வருடங்களாக ஞாபகம் தப்பிவிட்டது. டீச்சர் பள்ளியில் இருந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். வீட்டில் வேறு யாரும் இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாயிற்று, ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளில் பார்த்தாயிற்று.

"அடையாளம் ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

"நீலச் சட்டை. இடது கன்னத்துல மச்சம்." கொஞ்சம் யோசித்தார். "நாலு பேரு சேர்ந்து நின்னாப் போதும், 'உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு'ன்னு சொல்லிட்டே இருப்பாரு. அதை நாலு வரியில போட முடியுமா?"

முடியாது என்றேன். ஆனால் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன், இரண்டு மணி நேரம் கேட்டேன். தொடர்பு எண்ணாக அவருடைய எண்ணைப் போட வேண்டாம், கண்டவனும் கூப்பிட்டு வம்பு பேசுவான், என் மேசை எண்ணைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். டீச்சர் கண் கலங்கிவிட்டார். "இவ்வளவு யோசிக்கிறீங்களே" என்றார். அன்றைக்கு என் மனதில் கள்ளம் எதுவும் இல்லை. இதை ஐயா தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

எழுதியதைச் சிவப்பு மையிடம் காட்டினேன். ஒரு திருத்தமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். "இப்பத்தான்யா நீ எழுதுறே" என்றார். ஐந்து வாரம் தொடராகப் போடலாம், நன்றாகப் போனால் அந்த நாற்காலி எனக்கு என்றார். கடைசிப் பகுதியில் ஆள் கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். அதை அவர் சொன்னது நல்ல மனதோடுதான். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

முதல் பகுதிக்கு நாற்பது கடிதங்கள் வந்தன. ஓவியர் நடத்துநரை நேரில் பார்க்காமலே அழகாக வரைந்திருந்தார், கொஞ்சம் கூடுதல் முடியோடு. இரண்டாம் பகுதி வந்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை என் மேசைத் தொலைபேசி ஒலித்தது. பக்கத்து மாவட்டத்து அரசு மருத்துவமனையில் வார்டு வேலை பார்க்கும் அம்மா ஒருவர் பேசினார். பொட்டலம் மடித்து வந்த தாளில் படமும் கீழே என் எண்ணும் இருந்தனவாம். மூன்று வாரமாகப் பெயர் தெரியாத பெரியவர் ஒருவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். "படத்துல இருக்கறவரு மாதிரி இல்ல தம்பி. ஆனா டாக்டருங்க கூட்டமா வந்தாப் போதும், உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குன்னு சொல்றாரு."

மறுநாளே போனேன். செய்தியை உறுதிப்படுத்தாமல் யாரிடமும் சொல்லக் கூடாது என்றுதான் எங்களுக்குப் பாடமே. உறுதியாயிற்று. இடது கன்னத்தில் மச்சம் இருந்தது. பச்சைப் போர்வைக்குள் நான் நினைத்ததைவிடச் சிறியவராக இருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு விரலை நீட்டினார். சில்லறை கேட்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று. ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதரை அவ்வளவு பக்கத்திலிருந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. குறிப்பேட்டில் பதினொரு பக்கம் நிறைந்தது.

கிளம்பும்போது வார்டம்மா, "வீட்டுக்குச் சொல்லிடுவீங்கல்ல?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். ஒரே மகள், ஏதோ பயிற்சிக்காக வெளிநாடு போயிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார், காவல் நிலையத்துக்கு நாங்களே தெரிவித்துவிட்டோம், நீங்கள் யாருக்கும் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. கற்பனை போதாது என்று என்னைச் சொன்னவர்கள் அப்போது பக்கத்தில் இல்லாமல் போனார்கள்.

பேருந்தில் திரும்பும்போது நிதானமாக யோசித்தேன். இன்னும் மூன்று பகுதிகள் பாக்கி. பெரியவர் கட்டிலில் பத்திரமாக இருக்கிறார். வேளைக்கு மருந்து, பக்கத்தில் ஆள். வீட்டுக்குப் போனால் டீச்சர் பள்ளிக்குப் போய்விடுவார், யார் பார்ப்பது? ஐந்தாம் பகுதி அச்சாகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரை நானே காரில் அழைத்துப்போய், புகைப்படக்காரரையும் கூட்டிக்கொண்டு, அந்த வார்டுக்குள் நுழைவதாக முடிவு செய்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. மூன்று வாரம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அரசாங்கக் காகிதங்கள் இதைவிட அதிகம் தள்ளிப்போகின்றன.

அதற்குப் பிறகு டீச்சர் வீட்டுக்கு வாரம் இரண்டு முறை போனேன். சுவரில் அப்பாவின் பழைய காக்கிச் சட்டை மாட்டியிருக்கும். தேநீர் போட்டுக் கொடுப்பார். "போன் எதுவும் வந்துச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல டீச்சர்" என்பேன். முதல் முறை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் முறை சரளமாகிவிட்டது. பயிற்சிதான் எல்லாம்.

ஒரு மாலை பேருந்து நிலையச் சுவரில் அவர் சுவரொட்டி ஒட்டப் போனார், நானும் போனேன். பசை வாளியை நான் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளையும் சுவரில் வைத்து, அப்பாவின் முகத்துக்கு மேலே மட்டும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிச் சுருக்கம் எடுத்தார். இருபத்தாறு சுவரொட்டிகள். கடைசியில் என் சட்டையில் பசை சிந்தியிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னால உங்களுக்கும் கஷ்டம்" என்று தன் கைக்குட்டையைக் கொடுத்தார். அந்த உள்ளங்கையை வைத்து எழுதியதுதான் நான்காம் பகுதி. அதைப் படித்துவிட்டு அம்மா அழுதாள். சித்தப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக என் பெயரைச் சொன்னார்.

அந்த நான்காம் பகுதிக்குப் பிந்தைய வெள்ளிக்கிழமை மதியம் வார்டம்மா கூப்பிட்டார். இடையில் இரண்டு முறை கூப்பிட்டிருந்தார். முதல் முறை, சாப்பிட மாட்டேன் என்கிறார், சொந்தக்காரர் யாராவது ஊட்டினால் சாப்பிடுவார் என்றார். இரண்டாம் முறை, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார். இரண்டு முறையும், விமானச் சீட்டு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். இந்த முறை அவர் அதிகம் பேசவில்லை. "போயிட்டாரு தம்பி. மகள் எங்க இருக்காங்க இப்ப?" என்றார்.

வந்துகொண்டிருக்கிறார் என்றேன்.

ஐந்தாம் பகுதி ஏற்கெனவே தயாராக இருந்தது. வார்டுக் கதவு திறக்கிறது, மகள் ஓடுகிறாள் என்று முடியும். அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது? பக்கம் முடிக்க நாற்பது நிமிடம் இருந்தது. மகள் வாசல் விளக்கை அணைக்காமல் காத்திருப்பதாக மாற்றி எழுதினேன். நெருக்கடி வந்தால்தான் எனக்குக் கை ஓடுகிறது. சிவப்பு மை படித்துவிட்டு எழுந்து வந்து தோளைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம் சொல்லிவிட நினைத்தேன். பத்திரிகையும் கையுமாக அவரே கூப்பிட்டு நன்றி சொன்னார். நடுவில் குறுக்கிடத் தோன்றவில்லை. திங்கள்கிழமை பணி ஆணை வந்தது. செவ்வாய்க்கிழமை மேசை மாற்ற வேண்டியிருந்தது. புதன்கிழமை கண்டிப்பாகச் சொல்லியிருப்பேன். ஆனால் பிணவறையில் ஐந்து நாளாக யாரும் வந்து கேட்காததைப் பார்த்து வார்டம்மா அன்று காலையே பேருந்து ஏறிவிட்டார். நம்பகத்தன்மைக்காகப் பள்ளியின் பெயரை ஒவ்வொரு பகுதியிலும் போட்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்று, "வெளிநாட்டுலேந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டாராம்.

என்னை எந்தப் பிரிவில் போடுவது என்று ஆய்வாளர் ஐயா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். நான் அவரை அடிக்கவில்லை, தள்ளவில்லை, மருந்தை மாற்றவில்லை. பதினேழு நாள் ஒரு முகவரியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரைக் கேட்டிருக்கிறார்கள். பிழைத்திருக்கலாம் என்றாராம். 'இருக்கலாம்' என்பதை எங்கள் தொழிலில் ஊகம் என்போம்.

இன்று காலை டீச்சர் இங்கே வந்திருந்தார். திட்டவில்லை. நான் திட்டை எதிர்பார்த்து முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். எதிரில் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்பா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்ல டீச்சர்" என்றேன். "ஞாபகமே இல்லாம இருந்தாரு."

தலையாட்டிவிட்டு எழுந்து போனார். அவர் மனம் மேலும் நோகக் கூடாது என்று அப்படிச் சொன்னதாக ஆய்வாளர் ஐயாவிடம் விளக்கினேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. உண்மையை எழுது என்றார். எழுதிவிடுகிறேன்.

அந்த முதல் நாள், நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் பெரியவர் நான்கு முறை எழுந்திருக்கப் பார்த்தார். நான்கு முறையும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்: "பள்ளிக்கூடம் விடற நேரம் தம்பி. பாப்பா தேடும். கேட்டுல நான் நிக்கலேன்னா அழுவா, வண்டியை நிறுத்து, நான் எறங்கிக்கறேன்." ஐந்து பகுதியிலும் அதை நான் சேர்க்கவில்லை. என்றைக்காவது ஒரு நாவல் எழுதினால் அதன் முதல் வரியாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். இங்கே எழுதிவிட்டதால் இனி அதை வேறெங்கும் பயன்படுத்த முடியாது. இந்த விவகாரத்தில் என் பக்கம் நேர்ந்த இழப்பு அது ஒன்றுதான்.