சேதி கொடுத்தவன் ஓடமாட்டான்

பஸ்ஸில் கைதியை ஜன்னலோரம் உட்காரவைக்கக் கூடாது என்று புதிதாக வருகிற போலீஸ்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். நான் எப்போதும் ஜன்னலோரம்தான் உட்காரவைப்பேன். வெளியே வேடிக்கை பார்க்கட்டும், பாவம், இனி எப்போது பார்க்கப்போகிறான். வழிக்காவல் வேலைக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை நான் கூட்டிப்போன கைதி ஒருவன்கூட ஓடியதில்லை, அய்யா. என்னை விசாரிக்கிற நீங்கள் அதை முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

கண்ணையா உங்களிடம் வந்து புகார் சொல்லியிருக்கிறான். ஜெயிலிலிருந்து விடுதலையாகி வீட்டுக்குப் போனால் பெண்டாட்டியும் மகளும் அங்கே இல்லையாம். ஏட்டு அப்புசாமியான நான்தான் அவர்களை எங்கோ கொண்டுபோய் வைத்திருக்கிறேனாம். போன மாதம்கூட அவர்களைப் பார்த்துவிட்டு வந்ததாக நான் அவனிடம் சொன்னேனாம். சொன்னது நிஜம். பார்த்தது பொய். நீங்கள் என் வீட்டைச் சோதனை போட்டு, டிரங்குப் பெட்டியில் இருந்த ரிப்பன்களை எடுத்துவந்து இந்த மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்கள். பெண்குழந்தை இல்லாத வீட்டில் இத்தனை ரிப்பன் எதற்கு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பங்காரம்மாவையும் கோமளாவையும் நான் எங்கும் ஒளித்து வைக்கவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் கோர்வையாக வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நரசிம்மலு என்ற ஏட்டோடு போவேன். கெட்டிக்காரர், ஆனால் முரடர். விலங்குச் சங்கிலியைத் தன் பெல்ட்டோடு சேர்த்துப் பூட்டிக்கொள்வார். வண்டி கிளம்பியதும் காரணமே இல்லாமல் கைதிக்கு இரண்டு அறை விழும். அப்படி இருந்தும், நான் கூடப் போகாத ஒருநாள், போத்தனூர் பக்கம் ரயில் மெதுவாகப் போனபோது, கக்கூஸுக்குப் போக அவிழ்த்துவிட்ட கைதி ஒருத்தன் குதித்து ஓடிவிட்டான். நரசிம்மலுவுக்கு வேலை போயிற்று. அவர் சட்டி பானையோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போனதைப் பார்த்தேன். நமக்கும் இந்தக் கதிதானா என்று பயந்துபோனேன். அதற்கப்புறம்தான் யோசித்தேன். மனுஷன் எதற்கு ஓடுகிறான்? வீட்டுக்குப் போகத்தான் ஓடுகிறான். அந்த வீட்டை நாமே பஸ்ஸுக்குள் கொண்டுவந்து அவன் மடியில் வைத்துவிட்டால் ஏன் ஓடப்போகிறான்?

அதனால் வண்டி கிளம்பியதும் நான் கேட்கிற முதல் கேள்வி, ஊட்டுல யாரு கண்ணு இருக்கறாங்க என்பதுதான். முதலில் முறைப்பான். கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பிப்பான். அப்புறம் ஒரு சேதி சொல்வான். எருமை சினையாக இருக்கிறது, விற்றுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்பான் ஒருத்தன். ஆத்தாளிடம் நான் ஜெயிலில் இருப்பதைச் சொல்ல வேண்டாம், மில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொல்லுங்கள் என்பான் இன்னொருத்தன். சொல்லிவிடுகிறேன் என்று தலையாட்டுவேன். அவ்வளவுதான் விஷயம். சேதி கொடுத்தவன் ஓடமாட்டான், அய்யா. பதிலுக்குக் காத்திருப்பான்.

அடுத்த வாய்தாவுக்குக் கூட்டிப்போகும்போது, சொன்னீங்களா என்று ஆவலாகக் கேட்பான். சொன்னேன், சரியென்றார்கள் என்பேன். முகம் தெளிந்துவிடும். ஆனால் நான் யார் வீட்டுக்கும் போனதில்லை. போனால் அங்கே அழுகை இருக்கும், சண்டை இருக்கும், கெட்ட சமாச்சாரம் இருக்கும். அதையெல்லாம் கொண்டுவந்து கைதியிடம் கொட்டினால் அவன் அன்றைக்கே ஓடப் பார்ப்பான். பதில் என் கைக்குள் இருக்கிறவரை கைதியும் என் கைக்குள். நான் யாரையும் ஒரு அடி அடித்தது கிடையாது. நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

கண்ணையாவை முதலில் கூட்டிப்போனது ஐம்பத்தெட்டில். பொள்ளாச்சி சப்ஜெயிலிலிருந்து கோயமுத்தூர் சென்ட்ரல் ஜெயிலுக்கு. கிணத்துக்கடவுக்கு இந்தப் பக்கம் ஒரு பருத்திப் பண்ணையத்தில் கூலிக்கு இருந்தவன். ரோட்டோரத்திலேயே காட்டுக்குள் ஒரு சாளை, கூரைக் குடிசை, அதில் அவனும் பெண்டாட்டியும் நாலு வயசு மகளும். பங்காரம்மா வீட்டாருக்குப் பிடிக்காமல் அவனோடு வந்துவிட்டவள், அவனுக்கும் சொந்தபந்தம் என்று யாரும் இல்லை. தண்ணீர் திருப்புகிற தகராறில் பண்ணையக்காரரின் தம்பியை மம்பட்டிக் காம்பால் அடித்துவிட்டான். அந்த ஆள் செத்துப்போனார். வேண்டுமென்று செய்தவன் மாதிரி எனக்குத் தெரியவில்லை. அதைத் தீர்மானிப்பது என் வேலையும் இல்லை.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து அவன் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சாளை ஜன்னல் வழியாகத் தெரிந்ததும் சடாரென்று எழுந்தான். சங்கிலி இழுத்து என் கையும் மேலே போயிற்று.

"ஏட்டய்யா, ஒரே ஒரு சேதிங்க. மாடத்துல இருக்கற வெளக்கெண்ணெய்ச் சீசால வெளக்கெண்ணெ இல்லீங்க. பருத்திப் பூச்சிக்கு அடிக்கற பாலிடாலுங்க. நம்ம அவரைக் கொடிக்கு அடிக்கலாம்னு பண்ணையத்துல கொஞ்சம் ஊத்தீட்டு வந்து வெச்சேனுங்க. அவகிட்டச் சொல்றதுக்குள்ள புடிச்சுட்டு வந்துட்டாங்க. வார ஞாயித்துக்கெழம புள்ளைக்கு வெளக்கெண்ணெ குடுக்கோணும்னு சொல்லீட்டிருந்தாளுங்க."

"சொல்லிப்போடறேன் கண்ணு. நீ உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. ஜெயில் வாசலில் ஒப்படைத்தபோது விலங்கு கழற்றிய கையால் என்னைக் கும்பிட்டான். ஆளை இவ்வளவு பதவிசாகக் கொண்டுவந்ததற்கு ஜெயில்காரர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு. அப்போது என் வீடு பொள்ளாச்சியில். அதே ரோட்டில் பஸ்ஸில் திரும்பினேன். அந்தச் சாளைக்கு எதிரே பஸ் நின்றது. மேலே போட்டிருந்த புண்ணாக்கு மூட்டைகளை இறக்க வேண்டியிருந்ததால் வெகுநேரம் நின்றது. பங்காரம்மா வேலிமேல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை ரோட்டோரம் வந்து நின்று பஸ்ஸைப் பார்த்தது. முடியைக் கட்டாமல் விட்டிருந்தது, அது கண்ணில் விழுந்து விழுந்து கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தது.

இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து ஏறியிருக்கலாம். இறங்க வேண்டியதுகூட இல்லை, ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருந்தாலே அவள் வந்திருப்பாள். ஆனால் பஸ்ஸில் அன்றைக்கு நிற்க இடமில்லாத கூட்டம். எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. எழுந்தால் போய்விடும். இன்னொன்று, சேதி சொல்கிற வழக்கமே எனக்குக் கிடையாது. ஒருத்தனுக்குச் செய்தால் எல்லோருக்கும் செய்ய வேண்டி வரும். பஸ் கிளம்பியபோது குழந்தை கையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

அடுத்த வாரம் கோர்ட்டு வாசலில் டீ குடிக்கும்போது அந்தப் பக்கத்து ஸ்டேஷன் கான்ஸ்டபிள் ஒருவர்தான் சொன்னார். புருஷன் ஜெயிலுக்குப் போன அவமானம் தாங்காமல் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை பெற்ற பிள்ளைக்குப் பாலிடாலைக் கொடுத்துவிட்டுத் தானும் குடித்துவிட்டாள் என்றார். ஊரே அவளைத் தூற்றுகிறதாம், இப்படியும் ஒரு தாய் உண்டா என்று. கேஸை அப்படியே முடித்துவிட்டார்களாம். அந்த ஸ்டேஷனில் கேட்டால் உங்களுக்கும் அதைத்தான் சொல்வார்கள், அய்யா. அது தப்பு. அவள் விளக்கெண்ணெய் என்று நினைத்துத்தான் புகட்டியிருப்பாள். பிள்ளை துடித்து அடங்கியதைப் பார்த்த பிறகு மிச்சத்தைத் தான் குடித்திருப்பாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். ஒன்றும் தோன்றவில்லை. டீயைக் குடித்து முடித்தேன். வெகுநேரம் ஒருபக்கமாகப் படுத்திருந்தால் கை மரத்துப்போய், கிள்ளினாலும் யாரோ பிறத்தியார் கை மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. அது இன்னும் விடவில்லை.

ஜெயில் வார்டர் கோபாலசாமிக்கும் சமாச்சாரம் எட்டிவிட்டது. எப்படியப்பா அவனிடம் சொல்வது என்று என்னிடம் வந்து கையைப் பிசைந்தார். நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவருக்குப் பாரம் இறங்கிய மாதிரி ஆயிற்று. அடுத்த வாய்தாவுக்குக் கண்ணையாவைக் கூட்டிப்போனேன். பஸ் கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிட்டான்.

"சொல்லிப்போட்டீங்களா, ஏட்டய்யா?"

"சொல்லிப்போட்டேன் கண்ணு. அப்பவே சீசாவை எடுத்துட்டுப் போயி வேலிக்கு அந்தப் பக்கம் குழி தோண்டிப் பொதச்சுப்போட்டா."

என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். விலங்கோடு சேர்த்துப் பிடித்ததால் எனக்கு மணிக்கட்டில் வலித்தது. ஆனாலும் எடுக்கவில்லை.

அவனுக்கு ஏழு வருஷம் தீர்ப்பானது. அப்புறம் நெஞ்சில் சளி கட்டி, எக்ஸ்ரே எடுக்கப் பெரியாஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப்போக வேண்டியிருந்தது. கண்ணையாவுக்கு அப்புசாமி ஒருத்தர் போதும் என்று ஜெயிலிலேயே சொல்வார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் ஏன் தன்னைப் பார்க்க வரவில்லை என்று ஒருமுறை கேட்டான். உன்னைப் பார்க்க வந்தால் பண்ணையக்காரர் சாளையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயப்படுகிறாள் என்றேன். அப்படியானால் வரவே வேண்டாம், பிள்ளையோடு அங்கேயே இருக்கட்டும் என்றான். ரொம்ப நல்லவன்.

கோமளாவை நான்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். முன்பல் விழுந்ததும் நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். காலையில் முகம் மழிக்கும்போது, இந்த வயசில் பிள்ளைகள் என்ன செய்யும் என்று யோசித்து வைத்துக்கொள்வேன். மூன்றாம் வாய்ப்பாட்டில் பாதிக்குமேல் தடுமாறுகிறாள் என்று சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான், இருமல் வந்துவிட்டது. ஒருதரம் அவளுக்குத் தட்டம்மை என்று சொல்லலாமா என்று நினைத்தேன். பாவம், மனசு கஷ்டப்படுவான் என்று விட்டுவிட்டேன். எனக்கும் அது பிடிக்கவில்லை.

ஜெயிலில் அவனுக்குத் தறி வேலை. கழித்துப்போடுகிற நூலை எடுத்து ரிப்பன் பின்னி, இடுப்பு மடிப்பில் வைத்துக்கொண்டு வருவான். முடி எவ்வளவு நீளமுங்க என்று கேட்பான். அவன் தோளில் கை வைத்துக் காட்டினேன். பிறகு முதுகில் வைத்துக் காட்டினேன். அதற்குத் தகுந்தாற்போல் ரிப்பனையும் நீளமாக்கிக்கொண்டே வந்தான். நீங்களே பாருங்கள், அந்தச் சிவப்புதான் முதலில் கொடுத்தது, எவ்வளவு குட்டை. என் சம்சாரம் தெய்வாத்தாளிடம் அண்ணன் மகளுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். எறிய மனசு வரவில்லை. கோமளாவுடைய சாமானை எப்படி எறிவது?

போன வாரம் அவனுக்கு விடுதலை ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்திருந்தால் கூடவே போயிருப்பேன். சாளை கூரை சரிந்து, உள்ளே பருத்திமார் விறகு அடுக்கி வைத்திருந்ததாம். ஊர்க்காரர்கள் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைப் புதைத்த மண் மேட்டைக்கூடக் காட்டினார்களாம். இவன் நம்பவில்லை. பண்ணையக்காரர் சொல்லிக்கொடுத்து எல்லோரும் பொய் சொல்கிறார்கள், போன மாதம் ஏட்டய்யா பார்த்துவிட்டு வந்து சொன்னாரே என்று சண்டைக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டான். பங்காரம்மா பிள்ளையைக் கொன்றாள் என்று ஊர் சொன்னதை அவன் நம்பாதது எனக்குச் சந்தோஷம்தான். அது மட்டும் நிஜமாகவே பொய்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள், அய்யா. அப்புசாமியாகிய நான் அந்தச் சேதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையும் தாயும் இன்று உயிரோடு இருப்பார்கள். அவர்களை நான் கடத்தவில்லை, சாகவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதிவிடுங்கள். நான் சொல்லாமல் இருந்ததால்தான் அவன் இத்தனை வருஷமும் ஒரு குடும்பத்தோடு இருந்தான். ஜெயிலில் இருந்தவர்களிலேயே நிம்மதியாகத் தூங்கியவன் அவன்தான் என்று கோபாலசாமியே சொல்லியிருக்கிறார்.

நேற்றிலிருந்து கண்ணையா இந்த ஆபீஸ் வாசலில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான், விரட்டினாலும் போகமாட்டேன் என்கிறான் என்றீர்கள். நீங்கள் போய் நிஜத்தைச் சொன்னால் நம்பமாட்டான். என்னை ஒரே ஒரு நிமிஷம் வெளியே விடுங்கள். கோமளா பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரவில்லை, நீ வந்து சாப்பிடு என்று நான் சொன்னால் எழுந்து வந்துவிடுவான். அவன் கையில் விலங்குகூட வேண்டாம். அவன் எங்கும் ஓடமாட்டான், அய்யா, கடைசியாகக் கொடுத்தனுப்பிய ரிப்பன் பிள்ளைக்குப் பிடித்ததா என்று அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.