மூணாவது கூப்பாடு

டால்மாவ்: ...இந்தக் கோபுரத்துக்கு இன்னும் எத்தனை படிடா இருக்கு?

மிரோ: முப்பத்தெட்டு. உங்கப்பா மூச்சு வாங்காம ஏறுவாரு.

டால்மாவ்: எங்கப்பன் பேச்சை எடுக்காத. வாயை மூடிட்டு ஏறு.

மிரோ: கொடி கனக்குது எசமான். ராஜா கொடின்னா சும்மாவா. ஒரு கை பிடிக்கிறீங்களா?

டால்மாவ்: அதை நான் தொட மாட்டேன். நீயே சும.

மிரோ: முப்பது வருஷமா இந்தக் கோட்டையில எல்லாத்தையும் நான்தான சுமக்குறேன்... வந்தாச்சு. குனிஞ்சு வாங்க, நிலை இடிக்கும்.

டால்மாவ்: கீழ எத்தனை பேர் நிக்கிறானுங்க?

மிரோ: கோட்டை வாசல்ல நாப்பது குதிரை. மிச்சமெல்லாம் ஊருக்குள்ள, கோதுமைக் கதிர் கிடக்குதேன்னு கூட பாக்காம களத்து மேலயே குதிரையைக் கட்டியிருக்கானுங்க. ராஜாவோட ஆள் நம்மளையேதான் பாக்குறான். வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டே பாக்குறான்.

டால்மாவ்: தின்னட்டும். நீ கிழக்க பாரு. ஓடைக்கு அந்தாண்ட. ஆள் தெரியுதா?

மிரோ: இல்ல.

டால்மாவ்: சரியாப் பாரு.

மிரோ: நீங்களே பாருங்களேன்.

டால்மாவ்: குத்திக் காட்டுறியா? என் கண்ணுக்கு அந்த மாதா கோயிலே புகையாத் தெரியுது. இது உன்னைத் தவிர எவனுக்கும் தெரியாது. வெளிய போச்சு... உனக்கு நாக்கு இருக்காது.

மிரோ: ரெண்டு வருஷமா சொல்லாதவன் இன்னிக்கா சொல்லப் போறேன்? கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள கூப்பிடணும் எசமான். ராஜா பேரு, மூணு தடவை. அப்புறம் கொடியை நடணும். நீங்க கட்டின துணியோட வெளிய போயி வயல்ல பத்து நாள் படுக்கணும். பதினோராம் நாள் சாவியைத் திருப்பிக் கொடுப்பான். ராஜா கோட்டையைக் கேட்டா இதுதான் வழக்கம், உங்க பாட்டனும் செஞ்சாரு.

டால்மாவ்: கொடுப்பானா? எங்கப்பன்கிட்டயும் பத்து நாள்னுதான் வாங்கினான். பதினோரு மாசம் வெச்சிருந்தான். கூரை உத்தரத்தை உடைச்சுக் குளிர் காய்ஞ்சானுங்க. எங்கப்பன் மாட்டுக் கொட்டாய்ல செத்தான்.

மிரோ: தெரியும். குழி தோண்டினதே நான்தான்.

டால்மாவ்: அப்ப உனக்குக் கோவம் வரலையாடா?

மிரோ: வந்துச்சு. அப்புறம் நீங்க பெரியாளாகி, கூப்பிட மாட்டேன்னு வாசலை அடைச்சீங்க. ராஜா படை உங்களை ஒண்ணும் பண்ணல. ஊரைக் கொளுத்துச்சு. என் பொண்டாட்டி அதுல போனா. அதுல இருந்து யாரு மேல கோவப்படுறதுன்னு எனக்கு ஒரு குழப்பம்.

டால்மாவ்: அதுக்குத்தான் ஆடு கொடுத்தேன்ல.

மிரோ: ரெண்டு ஆடு. ஒண்ணு கிழடு.

டால்மாவ்: இந்தத் தடவை அப்படி ஆகாது. என் சித்தப்பன் மகன் ஆர்னாவ் இருநூறு ஈட்டியோட வர்றான். ஓடைக்குப் பின்னால வந்து நிப்பான். நான் இந்தச் சிவப்புத் துணியை ஆட்டினா இறங்குவான்.

மிரோ: இப்பவே ஆட்ட வேண்டியதுதான.

டால்மாவ்: ஆள் வராம ஆட்டினா, கீழ இருக்கிறவன் பாத்துட்டுச் சும்மா இருப்பானா? என் தலை வாசல்ல தொங்கும். நீ பாத்துச் சொல்லணும். அதுக்குத்தான் உன்னைக் கூட்டிட்டு வந்தேன்... பாரு.

மிரோ: பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணுமில்ல... அவரு இறங்கி முதல்ல என்ன செய்வாரு?

டால்மாவ்: உனக்கு எதுக்கு அதெல்லாம்?

மிரோ: காவக்காரன். தெரிஞ்சுக்கணும்ல.

டால்மாவ்: அவனுங்க குதிரை எல்லாம் களத்துல நிக்குதுல்ல... முதல்ல களத்துக்குத் தீ வைப்பான்.

மிரோ: களம் எரிஞ்சா ஊரு?

டால்மாவ்: காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ.

மிரோ: ஊர்ப் பக்கம்தான் அடிக்குது. உங்க தொப்பி பறக்குது பாருங்க.

டால்மாவ்: மண் சுவருதான மிரோ. மறுபடி கட்டிக்கலாம்.

மிரோ: என் மக எர்மெசெண்டா அங்க கிடக்கா. கால் மேல வண்டிச் சக்கரம் ஏறி ஒரு வாரம் ஆகுது. ஓட முடியாது.

டால்மாவ்: எவனாவது தூக்கிட்டு ஓடுவான்.

மிரோ: தூக்குறவன் இங்க மேல நிக்கிறேன்.

டால்மாவ்: நேத்தே சொல்லியிருந்தா உள்ள கூட்டி வந்திருக்கலாமே...

மிரோ: நேத்து கேட்டேன். இடமில்லன்னீங்க. முந்தாநாள் உங்க வீட்டம்மா மடத்துக்குக் கிளம்பினப்போ கோவேறு கழுதை நாலு, வேட்டை நாய் ரெண்டு. இங்க இருந்து பாத்தேன். நாய்க்கு இடமிருந்துச்சு.

டால்மாவ்: வாயை அடக்கு. இது என்னன்னு தெரியுதா?

மிரோ: கத்தி. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும்.

டால்மாவ்: கிழக்க பாரு. தூசி?

மிரோ: இல்ல... கோயில்ல மணியடிக்கிறவன் கயிறுகிட்டப் போயிட்டான் எசமான். ராஜா ஆளும் வெங்காயத்தைத் தூக்கிப் போட்டுட்டான். குதிரை ஏறுறான். ஒண்ணு அந்தத் துணியை ஆட்டுங்க, இல்ல என்னைக் கூப்பிட விடுங்க.

டால்மாவ்: வருவான்டா. சிலுவையைத் தொட்டுச் சொன்னான்.

மிரோ: வரலையே. நான் என்ன பண்ண?

டால்மாவ்: ...கூப்பிடு.

மிரோ: ராஜாவுக்கே கோட்டை...

டால்மாவ்: இன்னும் சத்தமா. கேக்கலன்னு சொல்லி மறுபடி கூப்பிடச் சொல்லுவான், நாய்.

மிரோ: ராஜாவுக்கே கோட்டை...

டால்மாவ்: நில்லு. மூணாவது வேணாம். இன்னொரு தடவை பாரு. ஓடைக்குப் பின்னால அந்த மேடு... மெதுவா, நல்லாப் பாரு மிரோ. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.

மிரோ: கத்தியைப் பிடிச்சுக்கிட்டுக் காலைப் பிடிக்காதீங்க... பாத்துட்டேன்.

டால்மாவ்: என்ன?

மிரோ: ஆடு மேயுது.

டால்மாவ்: ஆளு?

மிரோ: இல்ல எசமான்.

டால்மாவ்: ...தொலை. கூப்பிடு.

மிரோ: ராஜாவுக்கே கோட்டை...

டால்மாவ்: சிரிக்கிறானுங்க கேட்டியா? கொடியை நட்டுத் தொலை.

மிரோ: நட்டாச்சு. காத்துக்கு நல்லா விரிஞ்சிருக்கு. ரொம்ப தூரத்துக்குத் தெரியும்.

டால்மாவ்: ஆர்னாவ்... நன்றி கெட்ட பய. சிலுவையைத் தொட்ட கை அழுகிப் போகும். பத்து நாள் முடியட்டும், அவன் வீட்டு வாசல்ல போயி நின்னு மூஞ்சியில காறித் துப்புறேன்.

மிரோ: துப்பாதீங்க எசமான். அவரு சொன்ன சொல்லைக் காப்பாத்தினாரு. நாம படியேறி வந்தப்பவே அந்த மேட்டுக்குப் பின்னால நின்னாரு, இருநூறு பேரு குறையாம. முன்னால நிக்கிறவன் கையில பந்தம் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இப்ப கொடியைப் பாத்துட்டாங்க... திரும்புறாங்க, நீங்க கேட்ட தூசி இப்பத்தான் கிளம்புது. அந்தக் கத்தியை உறையில போடுங்க. மூணு கூப்பாடு முடிஞ்சுபோச்சு. பத்து நாளைக்கு இந்தக் கோட்டையில யாரைக் குத்துறதுன்னாலும் ராஜாவைக் கேக்கணும்.